சிப்பி ஓட்டுக்குள் இருந்த பாதிக் கணக்கு

கடல்மீன் வளர்ப்பவர்களின் வீடுகளில், தொட்டிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பைக்கற் நோரி இருக்கும். சுஷி சுற்றுவதற்குப் பயன்படும் அதே கரும்பச்சைத் தாள்தான். அதில் ஒரு துண்டைக் கிழித்து, உறிஞ்சு குமிழ் பூட்டிய சின்னக் கிளிப்பில் கவ்வவைத்து, கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டால் மஞ்சள் டாங், நீல டாங் போன்ற மீன்கள் வந்து கொறிக்கத் தொடங்கிவிடும். எமது கடற்கரைகளில் ஓரா என்று சொல்லும் மீனின் உறவினங்களையும் சிலர் இப்படித் தொட்டியில் வளர்க்கிறார்கள். அவையும் தழை தின்னிகள்தான்.

இந்தத் தாள் இன்று எந்த நாட்டுச் சுப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. யப்பானில் மட்டும் ஆண்டுக்குப் பல நூறு கோடித் தாள்கள் செய்கிறார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அந்தத் தொழில் பெரும் சரிவில் இருந்தது. அதை மீட்ட அறிவு யப்பானில் பிறக்கவில்லை. கடலிலிருந்து தள்ளியிருக்கும் மான்செஸ்டர் என்ற ஆலை நகரத்தில், திருமணம் செய்த குற்றத்துக்காகச் சம்பளம் இழந்த ஒரு பெண்ணின் ஆய்வுகூடத் தொட்டியில் பிறந்தது. அவர் பெயர் கத்லீன் மேரி ட்ரூ. திருமணத்துக்குப் பின் கத்லீன் ட்ரூ பேக்கர். யப்பானியக் கடற்பாசி விவசாயிகள் அவரைக் கடலின் தாய் என்கிறார்கள். அவர் பிறந்த நாட்டில் தெருவில் போகும் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு அவருடைய வாழ்க்கை வேறொரு காரணத்துக்காகவும் முக்கியமாகப் படுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

படிப்பும் பதவியும்

கத்லீன் ட்ரூ 1901 நவம்பர் 6 ஆம் திகதி இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் லீ என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் விவசாய இயந்திரங்கள் தொடர்பான பொறியியலாளர். பள்ளிப் படிப்பைத் தென் இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் முடித்த அவர், புலமைப்பரிசில் பெற்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சென்றார். 1922 இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். பெண்கள் பல்கலைக்கழகப் படிகளில் ஏறுவதே புதினமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. அடுத்த ஆண்டே முதுமாணிப் பட்டமும் பெற்று, அதே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பிக்கத் தொடங்கினார்.

அவர் தேர்ந்தெடுத்த துறை பாசிகள். அதிலும் செம்பாசிகள். பூக்காத, காய்க்காத, பலரும் கால் வழுக்கும் என்று விலகி நடக்கிற தாவரங்கள். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும் செம்பாசிகளின் வாழ்க்கை வட்டம் சிக்கலானது. ஒரே தாவரம் ஒரு பருவத்தில் ஒரு வடிவத்திலும் அடுத்த பருவத்தில் அடையாளமே தெரியாத வேறொரு வடிவத்திலும் இருக்கும். தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்தாலும் ஒரே குடும்பம் என்று சொல்ல முடியாது. அந்த உறவுகளைக் கண்டுபிடிப்பதில்தான் கத்லீனின் ஆர்வம் இருந்தது.

1925 இல் கொமன்வெல்த் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அமெரிக்கா சென்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். பாசி சேகரிப்பதற்காக ஹவாய்த் தீவுகளுக்கும் போய் வந்தார். நுண்ணிய செம்பாசி இனங்களை மறுபடி வகைப்படுத்தி அவர் எழுதிய நூலை 1928 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 26. ஒரு இளம் விரிவுரையாளருக்கு அதைவிட நல்ல தொடக்கம் அமைவது அரிது.

திருமணம், வேலை நீக்கம்

அதே 1928 இல் மான்செஸ்டரில் பொறியியல் துறையில் பணியாற்றிய ஹென்றி ரைட் பேக்கரைத் திருமணம் செய்தார். பல்கலைக்கழகத்தின் விதி அவருக்காகக் காத்திருந்தது. திருமணமான பெண்களை விரிவுரையாளராக வைத்திருப்பதில்லை என்பது அந்த விதி. அன்றைய பிரித்தானியாவில் இது ஒரு நிறுவனத்தின் தனி வழக்கமல்ல. பாடசாலை ஆசிரியைகள், அரசாங்க எழுதுவினைஞர்கள் என்று பலருக்கும் இதே தடை இருந்தது. ஆசிரியைகளுக்கு 1944 இலும் அரசாங்க சேவையில் 1946 இலும்தான் அது நீக்கப்பட்டது. கத்லீன் திருமணம் செய்தது அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர்.

கணவரும் கல்வியாளர்தான். அவருடைய பதவிக்குத் திருமணத்தால் ஒரு பாதிப்பும் வரவில்லை. மனைவிக்கு மட்டும் பதவி போயிற்று, சம்பளம் போயிற்று. எஞ்சியது கௌரவ ஆய்வாளர் என்ற பெயர். நாற்காலி உண்டு, நுணுக்குக்காட்டி உண்டு, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை.

அவர் ஆய்வுகூடத்தை விட்டுப் போகவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். அதே காலத்தில் ஆய்வுக் கட்டுரைகளையும் தொடர்ந்து எழுதினார். வாழ்நாளில் 47 கட்டுரைகள், பெரும்பாலானவை செம்பாசிகள் பற்றியவை. 1939 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகமே அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. விரிவுரையாளராக வைத்திருக்க மறுத்த இடம், அவர் வேலையின் தரத்தை மறுக்க முடியாத நிலைக்கு வந்தது.

கோடையில் காணாமல் போகும் பயிர்

பிரித்தானியப் பாறைக் கரைகளில் லேவர் என்றொரு செம்பாசி வளர்கிறது. வேல்ஸ் நாட்டவர் அதை நீண்ட நேரம் அவித்து, மசித்து, ஓட்ஸ் மாவுடன் பொரித்துச் சாப்பிடுவார்கள். அறிவியல் உலகம் அதற்குப் போர்பைரா அம்பிலிகாலிஸ் என்று பெயர் வைத்திருந்தது. யப்பானியரின் நோரியும் அதே குடும்பம்தான். பெயரில் செம்பாசி என்றாலும் பறித்த இலை கரும் ஊதா நிறமாக இருக்கும். நெருப்பில் வாட்டினால் சிவப்பு நிறமி அழிந்து பச்சை வெளியே தெரியும். கிளிப்பில் தொங்கும் தாள் பச்சையாக இருப்பதன் காரணம் அதுதான்.

போர்பைராவின் புதிர் பழையது. குளிர்காலத்தில் பாறைகளில் செழித்து நிற்கும். வசந்தம் முடிந்ததும் வித்திகளை வெளியே விட்டுவிட்டு அழியும். கோடை முழுக்க ஓர் இலையையும் காண முடியாது. இலையுதிர் காலத்தில் திடீரென்று குருத்துகள் மறுபடி தோன்றும். இடையில் சில மாதங்கள் அது எங்கே இருந்தது? ஒருவருக்கும் தெரியாது.

வேல்ஸில் இது ஆராய்ச்சியாளரின் கேள்வி மட்டும்தான். யப்பானில் இது வயிற்றுக் கேள்வி. இடோ காலத்திலிருந்தே, இன்றைய தோக்கியோ விரிகுடாவில், இலையுதிர் காலத்தில் மூங்கில் கிளைகளை ஆழமற்ற சேற்றுக் கடலில் நட்டு வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வந்து கிளைகளில் ஒட்டி நோரியாக வளரும். ஒட்டினால் அந்த ஆண்டு சோறு. ஒட்டாவிட்டால் கடன். விதையைக் காணாமல் விதைப்பைச் செய்து வந்தவர்கள் அந்த விவசாயிகள். பிற்காலத்தில் கிளைகளுக்குப் பதிலாக வலைகள் வந்தன. விதை எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. சூதாட்டக்காரரின் புல் என்று அந்தப் பயிருக்குப் பட்டப்பெயரே இருந்தது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் சூறாவளிகளாலும் கரையோர மாசினாலும் விளைச்சல் விழுந்தது. விதை இருக்கும் இடம் தெரிந்தால் அதைப் பாதுகாக்கலாம், பெருக்கலாம். தெரியாதபோது என்ன செய்வது? பல கடற்கரைக் குடும்பங்கள் அந்தக் கேள்வியோடு நின்றன.

தொட்டியில் கிடைத்த விடை

1892 இல் பற்றர்ஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், பழைய சிப்பி ஓடுகளில் படரும் இளஞ்சிவப்புக் கறை ஒன்றைப் பார்த்தார். நுணுக்குக்காட்டியின் கீழ் அது ஓட்டைத் துளைத்து உள்ளே வளரும் மெல்லிய இழைகளாகத் தெரிந்தது. அதைத் தனி இனமாகக் கருதிக் கொன்கோசெலிஸ் ரோசியா என்று பெயரிட்டார். அடுத்த ஐம்பத்தேழு ஆண்டுகள் அது பாடப்புத்தகங்களில் தனிப் பெயரோடு தனியாகவே இருந்தது. பாறையில் நிற்கும் ஊதா இலைக்கும் ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் இளஞ்சிவப்பு இழைக்கும் உறவு இருக்கும் என்று எவர் நினைப்பார்?

கத்லீன் லேவரின் வித்திகளை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தார். கடலின் ஏற்றமும் வற்றும் மாறி மாறி வருவதுபோல் நீர் நிரம்பி வடியும் தொட்டி ஒன்றைக் கணவர் செய்து கொடுத்திருந்தார். பொறியியலாளரைக் கட்டியதில் கிடைத்த இலாபம் என்று அதைச் சொல்லலாம். தொட்டியில் சுத்தமான சிப்பி ஓடுகளை வைத்தபோது விடை கிடைத்தது. வித்திகள் ஓட்டின் மேல் விழுந்து முளைத்து, சுண்ணாம்பைத் துளைத்து உள்ளே இறங்கின. ஓடு இளஞ்சிவப்பாயிற்று. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கொன்கோசெலிஸ்.

ஐம்பத்தேழு ஆண்டுகள் தனி இனம் என்று நம்பப்பட்டது போர்பைராவின் மறுபாதிதான். கோடையில் காணாமல் போன பயிர் காணாமல் போகவே இல்லை. கடலடியில் கிடந்த சிப்பி ஓடுகளுக்குள் இழையாகக் குடியிருந்தது. வெயில் குறைந்து, பகல் சுருங்கி, நீர் குளிர்ந்ததும் அந்த இழைகள் புதிய வித்திகளை விடுகின்றன. அவைதான் மூங்கிலிலும் வலையிலும் வந்து ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத விதைகள்.

1949 ஒக்டோபரில் இந்தக் கண்டுபிடிப்பு நேச்சர் இதழில் வெளிவந்தது. மிகச் சிறிய கட்டுரை. வட்டத்தின் முதற்பாதியை அவர் நிறுவினார்; மீதியை உறுதிசெய்யும் வேலை மற்றவர்களுக்கு இருந்தது. அவர் அதைப் பூட்டி வைக்கவில்லை, எல்லோரும் வாசிக்கும் இடத்தில் வைத்தார். யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

மான்செஸ்டரிலிருந்து அரியாக்கே கடலுக்கு

யப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் செகாவா சோகிச்சி என்ற பாசியியலாளர் இருந்தார். கத்லீனுக்கும் அவருக்கும் கடிதத் தொடர்பு உண்டு. அந்தக் கண்டுபிடிப்பின் பெறுமதி செகாவாவுக்கு உடனே புரிந்தது. அவரும் ஏனைய யப்பானிய ஆய்வாளர்களும் தமது நாட்டு நோரி இனங்களிலும் இதே வட்டம் நடப்பதை உறுதிப்படுத்தினார்கள். குமமோத்தோ மாகாண மீன்வளப் பரிசோதனை நிலையத்தைச் சேர்ந்த ஓத்தா புசாவோ, ஓடுகளில் வளர்த்த வித்திகளை வலைக்கு மாற்றும் செய்முறையை 1953 அளவில் உருவாக்கினார். போர் முடிந்து எட்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நேற்றைய எதிரி நாட்டின் ஆய்வுகூடத்திலிருந்து வந்த அறிவு, அரியாக்கே கடலோர விவசாயியின் வலையில் பயிராயிற்று.

இன்றைய நோரி விவசாயம் இப்படித்தான் நடக்கிறது. வசந்தத்தில் சிப்பி ஓடுகளில் வித்திகளை ஏற்றுவார்கள். கோடை முழுக்கக் கரையிலுள்ள கொட்டகைத் தொட்டிகளில், வெளிச்சத்தையும் வெப்பத்தையும் அளந்து ஓடுகளைப் பராமரிப்பார்கள். இலையுதிர் காலத்தில் நீரைக் குளிரவைத்து வித்திகளை வெளிவரச் செய்து, பெரிய சக்கரத்தில் சுற்றிய வலைகளை அந்த நீரில் தோய்த்தெடுப்பார்கள். குருத்துவிட்ட வலைகளில் ஒரு பகுதியைக் குளிரறையில் உறையவைத்துச் சேமிப்பார்கள். முதல் வலை நோயில் போனாலும் இரண்டாம் வலை கையில் இருக்கும். அறுவடை செய்த இலையை நறுக்கி, காகிதம் வார்ப்பதுபோல் வார்த்து, 19 க்கு 21 சென்ரிமீற்றர் தாளாகக் காயவைப்பார்கள். ஒரு தாள் ஏறக்குறைய 3 கிராம். கொரியாவும் சீனாவும் இதே அடிப்படையில்தான் பயிரிடுகின்றன.

எமது கடலிலும் இப்போது பாசி வளர்ப்பு நடக்கிறது. மண்டபம் பக்கத்திலும் வன்னிக் கரையிலும் வளர்ப்பது கப்பாபைக்கஸ் என்ற இனம். அதை மரவள்ளித் தடி நடுவதுபோல் துண்டு வெட்டிக் கயிற்றில் கட்டினாலே தழைக்கும். நோரிக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஓடு வேண்டும், கோடை வேண்டும், காத்திருப்பு வேண்டும். அந்த மூன்றையும் காட்டிக் கொடுத்தவர் கத்லீன்.

1952 இல் பிரித்தானியப் பாசியியல் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அவரைத் தேர்ந்தார்கள். 1957 செப்ரெம்பர் 14 அன்று, 55 வயதில் காலமானார். யப்பான் மண்ணை அவர் மிதித்ததே இல்லை. தன் ஆய்வு அங்கே ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்தியதன் முழு அளவையும் பார்க்கும் ஆயுள் அவருக்கு வாய்க்கவில்லை.

நோரி விவசாயிகள் தாமே பணம் சேர்த்து, குமமோத்தோ மாகாணத்தின் ஊத்தோ நகரில், அரியாக்கே கடலைப் பார்த்திருக்கும் சுமியோஷிப் பூங்காவில் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். அது 1963 ஏப்ரல் 14 இல். ஒவ்வோர் ஆண்டும் அதே திகதியில் அங்கே அவருக்கு விழா எடுக்கிறார்கள்.

தாள் தொட்டிக்கு வந்த பிறகு

இப்படிப் பிறந்த தாளை மீன் தொட்டியில் போடும்போது கவனிக்கவேண்டிய சில விடயங்களையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஓடும் தொட்டியும் சுத்த நீரும் வைத்து ஒருவர் கண்டுபிடித்த பொருளை அழுக்குக் கிளிப்பில் மாட்டுவது பொருத்தமில்லை.

முதலில் தாள். உப்பு, எண்ணெய், சோயா, காரம் எதுவும் சேராத வெறும் நோரியாக இருக்கவேண்டும். வாட்டியதானாலும் குற்றமில்லை. பிள்ளைகள் கொறிக்கும் சுவையூட்டிய சின்னப் பைக்கற்றுகள் மீனுக்கு ஆகாது. ஈரம் பட்டால் தாள் கெட்டுவிடும். காற்றுப் புகாத உறையில், வெயில் படாமல் வையுங்கள்.

அடுத்தது அளவு. டாங் மீன்கள் கடலில் பகல் முழுக்கப் பாறையைச் சுரண்டித் தின்பவை. ஒரேயடியாக உண்டு ஓய்பவை அல்ல. தழை குறைந்தால் மெலிந்து, நிறம் மங்கும். அதற்காக முழுத் தாளைத் தொங்கவிடக் கூடாது. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தின்று முடிக்கும் துண்டு போதும். மிச்சம் கிடந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். ஊறிப்போன துண்டுகள் கிழிந்து நீர்ப் பம்பியின் வாயை அடைக்கும். அழுகினால் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் ஏறி, வேண்டாத பாசி தொட்டி முழுக்கப் படரும். மீனுக்குப் பாசி கொடுக்கப்போய்க் கண்ணாடிக்குப் பாசி பிடித்த கதையாகிவிடும்.

புதிதாக வந்த மீனுக்குக் கிளிப்பில் தொங்கும் தாள் உணவென்று தெரியாது. ஒரு கல்லில் இறப்பர் வளையத்தால் நோரியைச் சுற்றி அடியில் வைத்தால், பாறையில் முளைத்த பாசி என்று எண்ணி வந்து கொறிக்கும். பழகிய பின் கிளிப்புக்கு மாற்றலாம். டாங் மீனின் வாலடியில் சத்திரக் கத்தி போன்ற முள் இருக்கிறது. சாப்பாட்டுச் சண்டையில் அதைப் பாவிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட டாங் இருந்தால் இரண்டு மூலையில் இரண்டு கிளிப் வைப்பது நல்லது.

கிளிப்பின் சுத்தம் பலரும் மறப்பது. ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து வெந்நீரில் கழுவி, இதற்கென்று வைத்திருக்கும் பழைய பற்தூரிகையால் பற்களின் இடுக்கைத் தேய்க்கவேண்டும். அங்கேதான் பிசுபிசுப்பு முதலில் சேரும். வாரத்துக்கு ஒருமுறை வினாகிரி கலந்த நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்தால் சுண்ணாம்புப் படிவு கரையும். பின் நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சவர்க்காரம் வேண்டாம், சொட்டு மிஞ்சினாலும் மீனுக்குக் கெடுதல். துருப்பிடிக்கும் உலோகச் சுருள் உள்ள கிளிப்பும் வேண்டாம். உறிஞ்சு குமிழ் பிடிக்காமல் வழுக்கினால் பெரும்பாலும் அதிலும் கண்ணாடியிலும் படிந்த மென்படலம்தான் காரணம். இரண்டையும் துடைத்துவிட்டு, குமிழைச் சுடுநீரில் சற்று வைத்தால் மறுபடி இளகிப் பிடிக்கும். இறப்பர் விறைத்துப்போனால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கிளிப்பில் சில வேளை இளஞ்சிவப்புப் பொட்டுகள் தோன்றும். அது கொன்கோசெலிஸ் அல்ல. சுண்ணாம்புப் படை கட்டும் வேறொரு செம்பாசி, பவளத் தொட்டிக்காரர் பாறையில் விரும்பி வளர்ப்பது. ஆனால் இரண்டுக்கும் ஒரே குணம். கடினமான எந்தப் பரப்பு கிடைத்தாலும் வித்தி வந்து இருக்கும், இருந்தால் வளரும். நாம் தேய்த்துக் கழுவிவிடும் ஒரு கறையைத் தேய்க்காமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான் கத்லீனின் வேலை.

எழுதப்படாத பதிவு

இப்போது எமது தொழிலின் கணக்குக்கு வருவோம்.

வணிகமாணிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் எமக்குச் சொல்லித் தந்த விதிகளில் ஒன்று, ஒரு நிறுவனம் தானே உருவாக்கிய நன்மதிப்பை ஐந்தொகையில் சொத்தாகக் காட்டக் கூடாது என்பது. விலை கொடுத்து வாங்கியதைக் காட்டலாம், உள்ளே வளர்ந்ததைக் காட்ட முடியாது. சம்பளம் கொடுக்காத உழைப்பும் அப்படித்தான். கொடுப்பனவு இல்லையென்றால் வவுச்சர் இல்லை. வவுச்சர் இல்லையென்றால் பதிவு இல்லை. கத்லீன் 1928 க்குப் பின் செய்த வேலைக்கு எந்தச் சம்பளப் பேரேட்டிலும் ஒரு வரி இருந்திருக்காது. அந்த வேலையின் மேல் இன்று ஒரு முழுத் தொழில் நிற்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் சில வேளை அதை இனிப்பாக முடிக்கிறார்கள். சம்பளமில்லாமல் உழைத்தார், கடைசியில் கல்லெழுப்பிக் கொண்டாடுகிறார்கள், ஆகவே நல்ல உழைப்பு வீண்போகாது என்கிறார்கள். எமக்கு அதில் உடன்பாடில்லை. நினைவுக்கல் ஒரு பக்கத்துப் பதிவு, பறித்த சம்பளம் மறுபக்கத்துப் பதிவு. ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிட முடியாது. கல் நாட்டியவர்கள் கடன் பட்டவர்களும் அல்ல. கடன் பட்ட இடம் வேறு. அதைவிட, அதே விதியால் வேலை இழந்து, கணவரின் உதவியோ ஆய்வுகூடத்தில் ஒரு மூலையோ கிடைக்காமல் வீட்டோடு அடங்கிப்போன பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் கண்டுபிடித்திருக்கக் கூடியவற்றை எந்தக் கணக்காளராலும் மதிப்பிட முடியாது. நட்டத்தில் பெரிய நட்டம் அதுதான்.

அகதிகளாக வந்த எமக்கு இது தெரியாத விடயமல்ல. பட்டச் சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டு உணவகச் சமையலறையிலும் பெற்றோல் நிலையத்திலும் நின்றவர்கள் எம்மில் ஏராளம். மருத்துவர்கள், ஆசிரியர்கள், பொறியியலாளர்கள். சிலர் மறுபடி பரீட்சை எழுதித் தம் தொழிலுக்குத் திரும்பினோம். திரும்பாதவர்களில் பெண்களே அதிகம் என்பதை எமது சமூகத்தைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். கணவர் படிக்க வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், ஊரிலுள்ளவர்களுக்குக் காசு அனுப்ப வேண்டும் என்று தம் படிப்பை ஒதுக்கி வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு பல்கலைக்கழக விதி தேவைப்படவில்லை. வீட்டு வழக்கமே போதுமாக இருந்தது. தமிழ்ச் சங்க மேடையில் ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்திவிட்டால் அந்தக் கணக்கு முடிந்துவிடுமா? பரீட்சைக் கட்டணத்துக்கும் பிள்ளை பார்ப்பதற்கும் ஒரு வழி செய்தால் சில கணக்குகளையாவது உயிரோடிருக்கும்போதே தீர்க்கலாம்.

கத்லீன் ட்ரூ பேக்கருக்கு அந்த வாய்ப்பு இனி இல்லை. அவருக்குச் செய்யக்கூடியது கதையை முழுதாகச் சொல்வதுதான், கண்டுபிடிப்போடு வேலை நீக்கத்தையும் சேர்த்து.

விழா நடக்கும் ஏப்ரல் 14 நோரி அறுவடை முடிகிற பருவம். வலைகளைக் கரையேற்றி, சிப்பி ஓடுகளைத் தொட்டியில் இறக்கியிருப்பார்கள். பூங்காவில் விவசாயிகள் கூடும் நேரத்தில், கரையோரக் கொட்டகைகளில் அடுத்த குளிர்காலத்தின் பயிர் ஓட்டுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும்.